மழை பெய்யாத இடத்தில் வெள்ளம்

பாலைவனத்தில் வெள்ளத்தில் மாட்டி 11 பேர் செத்துப்போனார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? சமூக அறிவியல் டீச்சர் சொன்னப்போ நானும் நம்பல. தண்ணியே இல்லாத ஊர்ல ஏது வெள்ளம்னு கேட்டேன். அதுக்கு விடை தேடித்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பேஜ் என்று ஒரு ஊர். அதற்குப் பக்கத்தில் நவஹோ பழங்குடி மக்களின் நிலத்தில் ஆன்டெலோப் கேன்யன் இருக்கிறது. கேன்யன் என்றால் ஆழமான பள்ளத்தாக்கு. ஆனால் இது பாறையில் விழுந்த கீறல் மாதிரி ரொம்பக் குறுகல். சில இடங்களில் ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போகணும். சுவர்களோ பல ஆள் உயரம்! நிமிர்ந்து பார்த்தால் வானம் ஒரு நாடா மாதிரி தெரியும்.

சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பெரிய மணல் மேடுகள் இருந்தன. அவை இறுகி மணற்பாறை ஆயின. பாறை வெடிப்பில் மழைத்தண்ணீர் புகுந்தது. வெறும் தண்ணீர் இல்லை, மணலையும் கல்லையும் சேர்த்து உருட்டிக்கொண்டு வரும். உப்புத்தாள் போட்டு மரத்தைத் தேய்ப்பதுபோல ஒவ்வொரு வெள்ளமும் பாறையைத் தேய்த்தது. சுவரில் அலை அலையாக நெளிவு வந்தது அப்படித்தான்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். அங்கே நிலம் பெரும்பாலும் வெறும் பாறை. மரம் மட்டை கிடையாது. மழை பெய்தால் மண்ணுக்குள் இறங்காது, அப்படியே வழிந்து பள்ளத்துக்கு ஓடும். அகலமான இடத்தில் கணுக்கால் அளவு ஓடுகிற தண்ணீர், குறுகலில் நுழைந்ததும் பக்கவாட்டில் போக வழியில்லாமல் மேலே ஏறும். தலைக்கு மேல் மேகமே வேண்டாம். எங்கோ மைல் கணக்கில் தள்ளிப் பெய்தாலே போதும்.

1997 ஆகஸ்ட் 12 அன்று அதுதான் நடந்தது. கீழ் ஆன்டெலோப் கேன்யனில் 12 பேர் இருந்தார்கள். அங்கே மழை ரொம்பக் கொஞ்சம். மேட்டுப் பக்கம் இடியோடு கொட்டிய மழை உள்ளே பாய்ந்தது. அப்போது இருந்தவை மர ஏணிகள், அவையும் அடித்துப்போயின. பிழைத்தது ஒரே ஒருத்தர், ஒரு வழிகாட்டி. அந்தச் சத்தம் கேட்டப்போ அவங்களுக்கு என்னன்னு புரிஞ்சிருக்குமா? எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரல.

அதற்குப் பிறகு இரும்பு ஏணிகள் பாறையோடு சேர்த்து முடுக்கப்பட்டன. எச்சரிக்கை ஒலி வைத்தார்கள். வழிகாட்டி இல்லாமல் யாரும் நுழைய முடியாது. மேல் கேன்யனுக்கு நவஹோ மொழியில் உள்ள பெயரின் பொருள், 'பாறைகளின் ஊடே தண்ணீர் ஓடும் இடம்'. அந்த மக்கள் பெயரிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள் பாருங்கள்!

பக்கத்தில் இருப்பது நான் வரைந்த படம். தலைக்கு மேலே இரண்டு சுவருக்கும் நடுவில் ஒரு மரக்கட்டை செருகியிருக்கா? இப்படிப்பட்ட கேன்யன்களில் வெள்ளம் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போகும் கட்டை அது. தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்தது என்று அர்த்தம். ஆரஞ்சு கலர் பென்சில் தீர்ந்துபோச்சு, அதான் மேல் பாதி வெளிறித் தெரியுது.