வெளியே பெஞ்சில் காத்திருக்கும் மனைவி



குடியை விட வேண்டுமென்று ஒருவர் மருத்துவமனைக்கு வரும்போது, அவரைக் கையைப் பிடித்து அழைத்து வருவது பெரும்பாலும் மனைவிதான். மருத்துவர் கணவரை உள்ளே அழைத்துப் பரிசோதிப்பார், மருந்து எழுதுவார், புத்தி சொல்வார். மனைவியோ வெளியே பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடைசியில் அவரைக் கூப்பிட்டு, "நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா" என்று சொல்லி அனுப்புவோம். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒருவரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

ஆகவே அவர் தமக்குத் தெரிந்த விதமாகப் பார்த்துக்கொள்கிறார். கணவர் வீட்டுக்குள் நுழைந்ததும் வாயை முகர்ந்து பார்க்கிறார், சட்டைப் பையைத் துழாவுகிறார், "எங்கே போயிருந்தீர்கள்?" என்று கேட்கிறார். கணவரோ, "குடிக்காமல் வந்தாலும் இவள் நம்புவதில்லை; பிறகு எதற்குக் குடிக்காமல் இருக்க வேண்டும்?" என்கிறார். குடியினால் சண்டை, சண்டையினால் குடி. எது முந்தியது என்று கேட்பதில் பிரயோஜனமில்லை.

அந்த மனைவியையும் உள்ளே அழைத்து, சிகிச்சையில் பங்குபெறச் செய்தால் என்ன என்று அமெரிக்காவில் சில மனநல நிபுணர்கள் யோசித்தார்கள். நேதன் அஸ்ரின் என்பவரும் அவருடைய உடன் ஊழியர்களும் 1982ல் வெளியிட்ட ஆய்வு மிகவும் கவனிக்கத்தக்கது. டைசல்பிராம் என்ற மாத்திரையை உட்கொண்டவர் மதுவைத் தொட்டால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுப்பார். அதை வெறுமனே கையில் கொடுத்தனுப்பியபோது பலர் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். தினமும் துணைவியின் முன்னிலையில் அதை உட்கொள்ள ஒப்புக்கொண்ட மணமானவர்களோ, அந்த ஏற்பாட்டினால் மாத்திரமே ஏறக்குறைய முழுவதும் குடியின்றி இருந்தார்கள். தனியாக வாழ்ந்தவர்களுக்கு அது போதவில்லை. வேறு பயிற்சிகளும் வேண்டியதாயிற்று.

இங்கே ஒரு எச்சரிக்கை. "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்ற விளம்பரங்களை நம்ப வேண்டாம். இப்படிப்பட்ட மருந்தை அறியாமல் உட்கொண்டு குடிப்பவருக்கு உயிராபத்து நேரிடலாம். அதுபோலவே, நாள்பட்ட குடியைத் திடீரென்று வீட்டிலேயே நிறுத்துவதும் வலிப்பையும் சித்தப்பிரமையையும் கொண்டுவரலாம். முதலில் மருத்துவரின் கண்காணிப்பு அவசியம். தம்பதியர் சிகிச்சை அதற்குப் பின்புதான்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராக்டன் நகரில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் திமோத்தி ஓஃபாரல் என்பவர் இம்முறையைப் பல ஆண்டுகள் நடத்தி ஒழுங்குபடுத்தினார். அதன் மையம் ஒரு சிறிய தினசரி உடன்படிக்கை. ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு கணவனும் மனைவியும் உட்காருகிறார்கள். கடந்த ஒரு நாள் தாம் குடிக்கவில்லை என்றும், இன்றும் குடிக்காமலிருக்கத் தீர்மானித்திருப்பதாகவும் கணவர் சொல்லி, மனைவியின் ஆதரவுக்கு நன்றி கூறுகிறார். மனைவி அவரது முயற்சிக்கு நன்றி சொல்லி, இன்று ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்கிறார். மாத்திரை உண்டானால் அப்போதே விழுங்குகிறார். காலண்டரில் ஓர் அடையாளம். இரண்டு நிமிட வேலை.

ஆனால் இதன் மறுபக்கம்தான் கடினம். பழைய குடியைப் பற்றியும், நாளை குடித்துவிடுவாரோ என்ற பயத்தைப் பற்றியும் வீட்டில் பேசுவதில்லை என்று இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள். அதை ஆலோசகர் முன்னிலையில் மாத்திரமே பேசலாம். பத்து வருடம் ஏமாந்த ஒரு பெண்ணிடம், "இனி பையைத் துழாவாதீர்கள்" என்று கேட்பது சிறிய காரியமல்ல. ஆனாலும் நாள் முழுவதும் காவல் காக்கும் பாரம் அவர் தோளைவிட்டு இறங்குகிறது. காவல்காரி வேலையிலிருந்து அவருக்கும் விடுதலை வேண்டுமே!

இதோடு, துணைவர் அன்று செய்த ஒரு நல்ல காரியத்தையாவது தாளில் எழுதி வாசித்துக் காட்டுதல், பிள்ளைகளோடு சேர்ந்து வெளியே போதல், ஒருவர் பேசும்போது குறுக்கிடாமல் கேட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லுதல் என்ற பயிற்சிகளும் உண்டு. போதை மருந்துக்கு அடிமையானவர்களுக்கும் இம்முறை பயன்படுகிறது.

பலன் என்ன? 12 ஆய்வுகளையும் 754 பேரையும் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2008ல் வெளிவந்தது. தனிநபர் சிகிச்சையோடு ஒப்பிட, முதலில் உயர்ந்தது இல்லற உறவே. குடியில் வித்தியாசம் பிற்பாடுதான் தெளிவாகத் தெரிந்தது. பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல் 2011ல் இதைச் சிபாரிசு செய்தது: வாரம் ஒரு மணி நேரம், 12 வாரங்கள். ஆனால் நாளடைவில் பலன் தேய்வதும் உண்டு. அதனால் முதல் வருடம் முழுவதும் அவ்வப்போது தம்பதியரை வரவழைக்கிறார்கள்.

எல்லாருக்கும் இது ஏற்றதல்ல. காயப்படுத்தும் அடி உதை நடக்கும் வீட்டில் பெண்ணின் பாதுகாப்பே முதலாவது. அவளை இணைத்து உட்கார வைப்பதும், "பொறுத்துப் போ மகளே" என்று சபையார் சொல்லி அனுப்புவதும் சிகிச்சை ஆகாது. இருவருமே குடிப்பவர்களானாலும் முறை வேறு.

நம் நாட்டிலும் குடும்பத்தாரை உள்ளே அழைக்கும் வழக்கம் புதிதல்ல. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, நோயாளியோடு குடும்பத்துக்கும் ஆலோசனை தருகிறது.

கணவர் வரவே மறுத்தால்? அப்போதும் மனைவி தனியாக வரலாம். ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய பயிற்சியை 1999ல் ஓர் ஆய்வு சோதித்தது. 130 குடும்பத்தார் அதில் கலந்துகொண்டார்கள். இப்பயிற்சி பெற்றவர்களில் 100க்கு 64 பேர், சிகிச்சையை மறுத்திருந்த தம் உறவினரைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். அதில் கற்பிப்பது இதுதான்: அவர் தெளிவாக இருக்கும் மாலையில் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள், குடித்துவிட்டு வந்தால் சண்டையிடாமல் விலகிக்கொள்ளுங்கள், "இப்படியே போகிறதே" என்று அவரே வருந்தும் வேளைக்குக் காத்திருந்து, சிகிச்சையைப் பற்றிச் சொல்லுங்கள். அந்த வேளை வரும்போது, மறுநாளே டாக்டரைப் பார்க்க எல்லாம் ஆயத்தமாக இருக்கட்டும்.