ஓர் எழுத்தின் மாற்றம்

நுழையும்முன்

'கரை' என்னும் சொல்லில் ஓர் எழுத்து மாறினால் அது 'கறை' ஆகிறது. பொருளும் முற்றிலும் வேறாகிறது. மனித உடலின் மரபணுவிலும் இவ்வாறு ஓரெழுத்து மாறுவதுண்டு. அம்மாற்றம் நன்மையா தீமையா என்பதை எது முடிவு செய்கிறது? இப்பாடம் அதனை விளக்குகிறது.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், சித்தூர் வட்டத்தில் அமைந்துள்ளது நல்லேப்பிள்ளி. நெல்வயல்கள் சூழ்ந்த இவ்வூரில் கதிர் அரிவாளை அறியாதவர் இலர். அவ்வரிவாளின் வளைந்த வடிவம் மனித இரத்தத்திலும் தோன்றுவதுண்டு. இதே மாவட்டத்தின் வடபகுதியில் அட்டப்பாடி மலைநிலம் உள்ளது. அங்கு வாழும் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்களுள் சிலரை ஒரு நோய் நெடுங்காலமாக வருத்தி வருகிறது. கதிர் அரிவாள் இரத்தசோகை என்பது அதன் பெயர்.

பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும் பெற்றோரிடம் இல்லாத புதிய மரபணு மாற்றங்கள் பல்லாயிரமாயிரம் அல்ல. சில பத்துகளே காணப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நன்மையும் செய்வதில்லை, தீமையும் செய்வதில்லை. மிகச் சிலவே உடலின் இயக்கத்தை மாற்றுகின்றன. மரபணுவில் நிகழும் மாற்றத்தைச் சடுதிமாற்றம் என்பர்.

இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் உடலெங்கும் உயிர்வளியைச் சுமந்து செல்கிறது. அதன் ஒரு பகுதியாகிய பீட்டா சங்கிலி 146 அமினோ அமிலங்களால் ஆனது. அதனை உருவாக்கும் மரபணுவில் அடினின் இருக்க வேண்டிய ஓரிடத்தில் தைமின் அமைந்துவிட்டால், ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்திற்கு மாறாக வாலின் வந்து சேர்கிறது. இச்சிறு மாற்றத்தால், உயிர்வளி குறையும்போது ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று கோத்து இறுகுகிறது. வட்டமான சிவப்பணு அரிவாள்போல் வளைகிறது. வளைந்த அணுக்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைப்பதால் கடும் வலி உண்டாகிறது. ஏறத்தாழ 120 நாள்கள் வாழ வேண்டிய அணுக்கள் 10 முதல் 20 நாள்களில் அழிவதால் இரத்தசோகையும் ஏற்படுகிறது.

ஒவ்வொருவரும் இம்மரபணுவின் ஒரு படியைத் தந்தையிடமிருந்தும் மற்றொன்றைத் தாயிடமிருந்தும் பெறுகின்றனர். இரு படிகளும் மாறியிருந்தால் நோய் தோன்றும். ஒரு படி மட்டும் மாறியிருந்தால் அவர் 'கடத்துநர்' எனப்படுவார். பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். கடத்துநர் இருவர் மணந்துகொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று ஆகும்.

இங்கு ஒரு வினா எழுகிறது. உயிரை வருத்தும் இம்மாற்றம் பல தலைமுறைகள் கடந்தும் மறையாதது ஏன்? இதற்கு விடை மலேரியாக் காய்ச்சலில் உள்ளது. மலேரியா மிகுந்த நிலங்களிலேயே இம்மாற்றமும் மிகுதியாகக் காணப்படுகிறது என்பதையும், கடத்துநரைக் கடும் மலேரியா எளிதில் வீழ்த்துவதில்லை என்பதையும் ஆந்தனி அல்லிசன் என்னும் அறிஞர் 1954ஆம் ஆண்டில் ஆப்பிரிக்க ஆய்வுகளின் வழி எடுத்துரைத்தார். மலேரியா பரவிய காடுகளில் கடத்துநர் பிழைத்து வாழ்ந்தனர். தம் மக்களுக்கும் அம்மரபணுவை வழங்கினர். ஒருபுறம் நோய் அதனைக் குறைத்தது. மறுபுறம் மலேரியா அதனைக் காத்தது. இவ்விரண்டிற்கும் இடையே ஒரு சமநிலை உருவாயிற்று.

நீலகிரிப் பகுதிப் பழங்குடி மக்களிடம் இம்மாற்றம் இருப்பதை 1952ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்னும் அறிஞர்கள் வெளியிட்டனர். அட்டப்பாடி, வயநாடு, நீலகிரி ஆகியவை ஒன்றையொன்று அடுத்த மலைநிலங்கள் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. மத்திய இந்தியா, அரேபியா, ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளிலும் இதே மாற்றம் உண்டு. ஆயினும் அதனைச் சூழ்ந்துள்ள மரபணு அமைப்பு நிலத்திற்கு நிலம் வேறுபடுகிறது. இந்திய வகையினர் பலரிடம், கருவிலிருக்கும் குழந்தைக்குரிய ஹீமோகுளோபின் பிறந்த பின்னரும் சற்று மிகுதியாக எஞ்சியிருப்பதால் நோயின் கடுமை குறைவதுண்டு.

இன்று மலேரியா பெரிதும் குறைந்துள்ளது. ஆதலின் அம்மாற்றத்தின் நன்மை மறைய, தீமை மட்டும் எஞ்சி நிற்கிறது. அதன் விகிதம் இனி மெல்லக் குறையக்கூடும்; எனினும் அதற்குப் பல தலைமுறைகள் ஆகும். நோயுற்ற குழந்தை அதுவரை காத்திருக்க இயலாது. உரிய காலத்தில் இரத்தப் பரிசோதனையும், ஹைட்ராக்சியூரியா போன்ற மருந்தும், மணத்திற்கு முன் அறிவுரையும் இன்றே தேவைப்படுகின்றன.

இவை அனைத்தினும் முதன்மையாகத் தேவைப்படுவது தெளிவு. இம்மாற்றம் பழங்குடியினர் அல்லாத சில சமூகத்தாரிடமும் உண்டு. இதனைக் கொண்டு எவரையும் தாழ்த்துவதும், பரிசோதனை முடிவை மறைக்கும் நிலைக்கு ஒருவரைத் தள்ளுவதும் அறமாகா. அரிவாள் வடிவ அணு ஒரு குலத்தின் கறை அன்று. மலேரியா என்னும் வெள்ளத்தில் முன்னோர் கரையேறியதன் அடையாளம்.

தெரிந்துகொள்வோம்

தேசியக் கதிர் அரிவாள் இரத்தசோகை ஒழிப்பு இயக்கம் 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்டது. 2047ஆம் ஆண்டிற்குள் இந்நோயை ஒழிப்பது இதன் இலக்கு. 40 வயதிற்குட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கத் திட்டமிடப்பட்டது.

சொற்பொருள்

உயிர்வளி – ஆக்சிஜன்
சடுதிமாற்றம் – மரபணுவில் நிகழும் மாற்றம்
படி – நகல்
கடத்துநர் – நோயின்றி, மாறிய மரபணுவை அடுத்த தலைமுறைக்கு அளிக்கக்கூடியவர்
விகிதம் – வீதம்

பயிற்சி

1. கடத்துநர் என்பவர் யார்?
2. சிவப்பணு அரிவாள் வடிவம் பெறுவது எவ்வாறு?
3. தீமை தரும் மரபணு மாற்றம் மறையாமல் நிலைத்ததற்கான காரணத்தை விளக்குக.
4. 'கறை அன்று, கரையேறியதன் அடையாளம்' – இத்தொடரின் கருத்தை உம் சொற்களில் எழுதுக.
5. ர, ற வேறுபாட்டால் பொருள் மாறும் ஐந்து சொல் இணைகளைத் தொடரில் அமைத்து எழுதுக.