புழுங்கலரிசியும் பெரிபெரியும்

நெல்லவிக்கும் நாளில் முற்றத்தில் எழும் மணத்தை எம் கல்லூரியின் பழைய மாணவருள் முதியோர் எவரும் மறந்திரார். இரவெல்லாம் ஊறிய நெல் பெரிய பானையில் ஆவியில் வெந்து, பாயில் உலர்ந்து, பின்னர் உரலை அடைந்தது. இத்துணை உழைப்பு எதற்கென்று சிறுவராகிய நாம் வினவியதில்லை. வினவியிருப்பினும், அரிசி நொறுங்காது, வண்டு எளிதிற் பிடிக்காது என்ற விடையே கிடைத்திருக்கும். அவ்விடை பிழையன்று, ஆயினும் முழு விடையுமன்று. எஞ்சிய பகுதியைக் கண்டறிய யப்பானிலும் ஜாவாவிலும் மலாயாவிலும் மருத்துவர்கள் முப்பதாண்டுக்கு மேலாக வாதிட்டனர். அவ்வாதம் அரிசியைப் பற்றியது மட்டுமன்று. மக்கள் உண்ணும் உணவில் அரசு கைவைக்குமுன் எவ்வளவு சான்று வேண்டும் என்பதே அதன் உட்பொருள். அக்கேள்வி இன்றும் தீர்ந்தபாடில்லை. ஆதலின் அவ்வரலாற்றை இம்மலரிலே மாணவர் முன் வைக்க விழைகின்றோம்.

பெரிபெரி என்னும் நோயில் முதலிற் கால்கள் மரத்துப்போம். பின்னர் தளரும், சில வேளை வீங்கும். ஈற்றில் இதயம் சோரும். சிங்களத்தில் 'இயலாது' என்னும் பொருள்தரும் சொல்லின் இரட்டிப்பே இப்பெயர் என அகராதிகள் பலவும் கூறும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நீராவி ஆலைகள் அரிசியைத் தவிடு சிறிதுமின்றித் தீட்டத் தொடங்கியபின், இந்நோய் கீழைத் தேசங்களிற் பெருகியது. மாலுமிகளும் போர்வீரரும் கைதிகளும் சுரங்கத் தொழிலாளருமே பெரிதும் மாண்டனர். அதாவது, தாம் உண்ணும் அரிசியைத் தாம் தெரியாதவர்கள். பஸ்தேரும் கொக்கும் கிருமிகளைக் கண்டு காட்டிய காலம் அது. ஆகவே இதற்கும் ஒரு கிருமியையே அறிஞர் தேடினர்.

யப்பானியக் கடற்படை மருத்துவர் தகாக்கி கனேகிரோ வேறு வழியிற் சென்றார். 1883ஆம் ஆண்டு ரியூஜோ என்னும் பயிற்சிக் கப்பல் நெடும்பயணம் முடித்துத் திரும்பியபோது, அதிலிருந்த 376 பேரில் 169 பேர் பெரிபெரியால் வருந்தினர். 25 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டு சுக்குபா என்னும் கப்பலை அதே வழியில், இறைச்சியும் பாலும் பிறவும் சேர்த்த உணவோடு அனுப்புவித்தார். ஒருவரும் இறக்கவில்லை, நோயுற்றோரும் ஒரு சிலரே. சில ஆண்டுகளுள் கடற்படையில் அந்நோய் அருகிப்போயிற்று. ஆனால், தரைப்படை மருத்துவர் இதனை ஏற்றிலர். ஜெர்மனியிற் கற்றவரும், மோரி ஓகாய் என்னும் பெயரால் இலக்கிய உலகிற் புகழ்பெற்றவருமான மோரி ரிந்தாரோ அவருள் முதன்மையானவர். புரதக் குறைவே நோய்க்குக் காரணம் எனத் தகாக்கி கூறிய விளக்கம் பிழையானது; அதை அவர்கள் பிழையென்றே கண்டனர். இரு பயணங்களும் வெவ்வேறு ஆண்டில் நிகழ்ந்தன. பல உணவுகள் ஒருங்கே மாற்றப்பட்டன. எனவே அவர்தம் ஐயம் அறிவற்ற ஐயமன்று. ஆயினும் விளக்கம் தவறென்பதனால் மருந்தையும் தள்ளிவிட்டமையே கேடாயிற்று. 1904 - 05 ஆண்டுகளில் உருசியாவோடு நிகழ்ந்த போரில் யப்பானியத் தரைப்படையில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பெரிபெரிக்கு ஆளாயினர்; ஏறத்தாழ 27,000 பேர் இறந்தனர்.

இனி ஜாவாவுக்கு வருவோம். ஒல்லாந்த மருத்துவர் எய்க்மன் பற்றேவியாவில் ஆய்வுக்காக வளர்த்த கோழிகள் 1889ஆம் ஆண்டிற் கால் தளர்ந்து விழுந்தன. பின்னர் தாமாகவே தேறின. இடைப்பட்ட காலத்தில் அவற்றுக்கு இராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு இடப்பட்டது. புதிதாக வந்த சமையற்காரன், இராணுவத்தின் அரிசியைக் 'குடிமக்கட் கோழி'களுக்குக் கொடுக்க மறுத்தபின்னரே அவை தேறின. அச்சமையற்காரனின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

கோழிக்கு நிகழ்ந்தது மனிதர்க்கும் நிகழுமோ? எய்க்மனின் நண்பரும் ஜாவாவின் சுகாதாரக் கண்காணிப்பாளருமாகிய வோடர்மன் இதனை ஆராய்ந்தார். அத்தீவின் சிறைகளில் அந்தந்த ஊர் வழக்கப்படியே அரிசி வழங்கப்பட்டது. 101 சிறைகளில் இருந்த ஏறக்குறைய 2,80,000 கைதிகளின் விவரங்களை அவர் திரட்டினார். தவிடு நீக்காத அரிசி உண்ட இடங்களிற் பதினாயிரம் பேருக்கு ஒருவர் நோயுற்றனர். கலந்த அரிசி உண்ட இடங்களில் 416 பேருக்கு ஒருவர். தீட்டிய அரிசி உண்ட இடங்களில் 39 பேருக்கு ஒருவர். கட்டடத்தின் பழமை, தளத்தின் தன்மை, காற்றோட்டம், நெருக்கடி ஆகிய ஒவ்வொன்றையும் அவர் தனித்தனியே ஒப்பிட்டார். அவற்றுள் ஒன்றும் இவ்வேறுபாட்டை விளக்கவில்லை. புள்ளிவிவரம் பயிலும் மாணவர் இவ்வாய்வை ஒருமுறையேனும் கருத்தூன்றிக் கற்றல் வேண்டும்.

எம்மவரின் கதை மலாயாவிலே தொடங்குகின்றது. எமது பாட்டன்மார் பலர் அங்கே புகையிரதப் பகுதியிலும் எழுதுவினைஞர் பதவிகளிலும் இருந்தனர். தமிழகத்திலிருந்து சென்றோர் தோட்டங்களில் உழைத்தனர். அந்நாட்டு மருத்துவர் பிறடன் கண்டது இது: சீனத் தொழிலாளர் பெரிபெரியால் ஆயிரக்கணக்கில் மடிய, அதே மண்ணில், அதே மழையில், அவரினும் வளமாக வாழாத தமிழ்த் தொழிலாளர் அந்நோய்க்குப் பெரிதும் தப்பினர். சீனர் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சையரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. பூஞ்சணம் பிடித்த அரிசியில் நஞ்சு உண்டாகின்றது எனப் பிறடன் கருதினார். அவ்விளக்கமும் பிழையே.

1905ஆம் ஆண்டு இறுதியிற் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையிலே டாக்டர் பிளெச்சர் இதனைச் சோதனைக்கு உள்ளாக்கினார். நோயாளரை வரிசையில் நிறுத்தி எண்ணினார். ஒற்றை எண்ணினர்க்கு வழமையான சீயத்து வெள்ளையரிசி, இரட்டை எண்ணினர்க்குப் புழுங்கலரிசி. ஏனைய உணவு யாவும் ஒன்றே. ஓராண்டு முடிவில் வெள்ளையரிசி உண்ட 120 பேருள் 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேருள் பெரிபெரியால் ஒருவரேனும் இறக்கவில்லை. இச்சோதனையின் செம்மையை வியவாதிருக்க முடியாது. ஆனால் வரிசையில் நின்றோரை எவரும் உடன்பாடு கேட்கவில்லை என்பதையும், மரணங்கள் நேர்ந்துகொண்டிருக்கவும் ஆண்டு முடியும்வரை அரிசி மாற்றப்படவில்லை என்பதையும் நாம் மறைத்தல் தகாது. பின்னர் பிறேசர், ஸ்ரான்ரன் என்னும் இருவர் நெகிரி செம்பிலான் காட்டில் வீதி அமைத்த 300 ஜாவானியத் தொழிலாளரிடையே இதனைச் சோதித்து, வெள்ளையரிசி சென்ற பக்கமே நோயும் சென்றதைக் காட்டினர்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் என்னும் விற்றமின் பி-1 நீரோடு அரிசியின் உள்ளே புகுந்து தங்குகின்றது. ஆகவே பின்னர் தீட்டினும் முழுவதும் அகல்வதில்லை. அச்சத்தை ஜான்சன், டொனத் என்போர் பற்றேவியாவில் 1926இல் பிரித்தெடுத்தனர். அதன் அமைப்பை 1936இல் நிறுவிய வில்லியம்ஸ் பிறந்த ஊர் நெல்லூர். அந்நெல்லூருக்கும் வடக்கே, பச்சையரிசி உண்ட ஆந்திரக் கரையோர மாவட்டங்களிலே பெரிபெரி நிலைத்திருக்க, புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்கள் தப்பியமையைக் குன்னூர் ஆய்வுகூடத்தினரும் குறித்துள்ளனர்.

இவ்வளவு சான்றுக்குப் பின்னும் அரசுகள் எளிதிற் செயலாற்றினவோ எனின், இல்லை. 1910இல் மணிலாவிற் கூடிய மருத்துவ மாநாடு வெள்ளையரிசியே பெரிபெரியோடு தொடர்புடையது எனத் தீர்மானித்தது. பிலிப்பைன் அரசு தன் நிலையங்களில் அவ்வரிசியை விலக்கியது. ஆனால் நாடெங்கும் அதற்கு வரி விதிக்கும் முயற்சி கைகூடவில்லை. தவிட்டோடு கூடிய அரிசி விரைவிற் காறல் நாற்றம் பெறும், வணிகர் விரும்பார். வெண்மை மதிப்பின் அடையாளம், மக்களும் விரும்பார். மருத்துவர் இவ்விரண்டையும் கணக்கிற் கொள்ளவில்லை.

இன்று வெள்ளையரிசி மீண்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்கின்றது. இம்முறை குற்றச்சாட்டு நீரிழிவு. 2020இல் வெளிவந்த, 21 நாடுகளில் 1,32,373 பேரைத் தொடர்ந்து நோக்கிய ஆய்வொன்று, தென்னாசியாவில் நாளொன்றுக்கு 450 கிராமும் அதற்கு மேலும் சோறு உண்போர்க்கு, 150 கிராமிலும் குறைவாக உண்போரைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு 1.61 மடங்கு என்றது. சீனாவிலோ அத்தகைய தெளிவான தொடர்பு காணப்படவில்லை. ஜாவாச் சிறைகளின் வேறுபாடு இருநூற்றைம்பது மடங்குக்கு மேற்பட்டது என்பதை இங்கே நினைத்தல் வேண்டும். ஒன்றரை மடங்கு வேறுபாட்டிலே வறுமை, உடலுழைப்பு, சோற்றோடு உண்ணும் கறியின் குறைவு முதலியன எளிதிற் கலந்து மறையும். சாங்காய் நகரில் 202 பேருக்குப் பதினாறு வாரம் வெள்ளையரிசியையும் தவிட்டரிசியையும் பிரித்துக் கொடுத்துப் பார்த்து 2011இல் வெளியிட்ட ஆய்விலும் பெரிய வேறுபாடு தோன்றவில்லை. பதினாறு வாரம் போதுமோ என்பது வேறு வினா. பிளெச்சரைப் போல ஆண்டுக்கணக்காக மனிதரைப் பூட்டிவைத்துச் சோறிட இன்று எவராலும் இயலாது, இயலாதிருத்தலே நன்று. புழுங்கலரிசி பெரிபெரியிலிருந்து காத்தது, ஆகவே நீரிழிவிலிருந்தும் காக்கும் என எம்மவர் சிலர் மேடையிற் பேசுவதற்கும் இவ்வரலாற்றில் இடமில்லை.

இச்சான்றை வைத்து அரிசிக்கு வரி விதிக்குமாறு நாம் எந்த அரசையும் கேட்கமாட்டோம். ஆனால் எம் மருத்துவர் சென்ற ஆண்டு எம் குருதியைச் சோதித்துவிட்டுச் சொன்னபடி, சோற்றை மட்டும் அரைவாசியாக்கினோம். இரவில் சோறு விலக்கி இடியப்பமும் பிட்டும் உண்டு மகிழ்ந்திருந்தோம். அவையும் அரிசிமாவே என அவர் நினைவூட்டினார். இப்பொழுது குரக்கன் பிட்டு.