கதவுக்கு ஓர் எண்

பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். அங்கே ஒரு வீட்டில் ஓர் அக்கா வேலை செய்கிறார். பகலில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். சாவி செருப்பு அலமாரியில் இருக்கும். அக்கா அதை எடுத்துக் கதவைத் திறப்பார்.

ஒரு நாள் கதவில் புதுப் பூட்டு மாட்டினார்கள். அதில் 0 முதல் 9 வரை பொத்தான்கள் இருந்தன. சரியான எண்ணை அழுத்தினால் பூட்டு திறக்கும். உள்ளே பேட்டரி இருக்கிறது. கரண்ட் போனாலும் கவலை இல்லை.

"எங்க நம்பரையே உங்களுக்கும் சொல்றேன் அக்கா" என்றார் வீட்டுக்கார அம்மா.

"வேண்டாம்மா. எனக்குத் தனி நம்பர் கொடுங்க. எல்லாருக்கும் ஒரே நம்பர்னா, நாளைக்கு ஒரு பொருள் காணாமப் போனா முதல்ல யாரைக் கேப்பீங்க?"

வீட்டுக்கார அம்மா பேசவில்லை. பூட்டு மாட்ட வந்தவர்தான் பேசினார்.

"அக்கா சொல்றது நியாயம். அதுக்கு இதுலயே வழி இருக்கு."

இந்த மாதிரிப் பூட்டில் இரண்டு வகை எண்கள் உண்டு. ஒன்று தலைமை எண். மற்றவை ஆளுக்கு ஓர் எண். தலைமை எண் தெரிந்தவர்தான் மற்ற எண்களைச் சேர்க்கலாம், அழிக்கலாம். கடையிலிருந்து வரும்போது தலைமை எண் 1234, 123456 என்பது போல இருக்கும். கூட வரும் தாளிலேயே அதை அச்சடித்திருப்பார்கள். ஆகவே முதலில் அதை மாற்ற வேண்டும்.

அவர் கதவைத் திறந்து வைத்தார். மூடிக்கொண்டு செய்தால், தவறு நேரும்போது வெளியே நிற்க வேண்டியதுதான். உள்பக்கம் பேட்டரி மூடியைக் கழற்றினார். அங்கே ஒரு சின்னப் பொத்தான். அதை அழுத்தினார். 'பீப்' என்றது. புதுத் தலைமை எண்ணை வீட்டுக்கார அம்மா இரண்டு முறை அழுத்தினார். எல்லாப் பூட்டிலும் இதே முறை இருக்காது. தாளைப் படித்துத்தான் செய்ய வேண்டும்.

பிறகு 1ஆம் இடம் கணவருக்கு, 2 மனைவிக்கு, 3 அக்காவுக்கு, 4 சமையல்காரருக்கு.

"மகன் பிறந்த வருஷத்தைப் போடட்டுமா?" என்று அக்கா கேட்டார்.

"அது தெரிஞ்சவங்க நிறைய பேர் இருப்பாங்க அக்கா. ஆறு இலக்கமா வேற போடுங்க."

நான்கு இலக்கத்தில் 10,000 எண்கள்தான் அமையும். ஆறு இலக்கத்தில் 10 லட்சம். இன்னொன்றும் உண்டு. எண்ணெய்க் கையால் அழுத்தினால் பொத்தானில் கறை தெரியும். நான்கு இலக்க எண்ணாக இருந்து, நான்கு பொத்தானில் மட்டும் கறை இருந்தால், திருடன் 24 விதமாக அழுத்திப் பார்த்தால் போதும். அதனால் எல்லாப் பொத்தானையும் துடைக்க வேண்டும்.

அக்கா இரவுப் பள்ளியில் எண் கற்றவர். மற்றவர்கள் திரும்பி நின்றார்கள். அவரே அழுத்தினார். முதல் முறை ஓர் எண் தவறியது. சிவப்பு விளக்கு. மறுபடி அழுத்தினார். 'கிர்' என்று தாழ் உள்ளே போனது.

பேட்டரி தீரும் முன்பே பூட்டு சத்தம் போட்டுச் சொல்லும். உடனே எல்லாப் பேட்டரியையும் மாற்ற வேண்டும். பழையதையும் புதியதையும் கலக்கக் கூடாது. அடியோடு தீர்ந்துவிட்டால், பல பூட்டுகளில் வெளியே இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். 9 வோல்ட் பேட்டரியை அங்கே வைத்துப் பிடித்துக்கொண்டு எண்ணை அழுத்தலாம். சில பூட்டுகளுக்குச் சாவியும் தருவார்கள். அந்தச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்தால் என்ன பயன்?

சில மாதங்களில் சமையல்காரர் வேலையை விட்டார். அன்று மாலையே 4ஆம் இடத்து எண்ணை அழித்தார்கள். மற்றவர்கள் எண்ணை மாற்ற வேண்டியிருக்கவில்லை. 3ஆம் இடத்தில் அக்காவின் எண் இருக்கிறது. அது என்ன எண் என்று வீட்டுக்கார அம்மாவுக்கும் தெரியாது.