மூளைப் பிதுக்கமும் லாக்டிக் அமிலமும்

பாலைத் தயிராக்குவதும், விரைந்தோடும் காலின் தசையில் மிகுவதும் லாக்டிக் அமிலமே. 1780-ல் சுவீடன் நாட்டு வேதியியலார் ஷீலே அதைப் புளித்த பாலிலிருந்து பிரித்தெடுத்தார். 1907-ல் பிளெட்சர், ஹாப்கின்ஸ் என்ற ஆங்கில அறிஞர் இருவர், பிராணவாயு கிட்டாத தவளைத் தசையில் அது சேர்வதை நிறுவினர். தலையில் பலத்த அடிபட்டவரின் மூளையிலும் இப்பொருள் மிகுகின்றது. அதற்கும், உயிரைப் பறிக்கும் மூளைப் பிதுக்கத்திற்கும் உள்ள தொடர்பை இங்கே ஆராய்வோம்.

கபாலம் ஒரு மூடிய பெட்டி

வளர்ந்தவரின் கபாலத்துள் மூளை ஏறத்தாழ 1,400 மில்லிலிட்டர் இடத்தையும், இரத்தமும் மூளைத் தண்டுவட நீரும் தனித்தனியே ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் இடத்தையும் கொள்கின்றன. எலும்புச் சுவர் விரிந்து கொடாது. ஆதலால் ஒன்று பெருகினால் மற்றொன்று குறைய வேண்டும். இவ்வுண்மையை 1783-ல் மன்றோவும், 1824-ல் கெல்லியும் எடுத்துரைத்தனர். கபாலத்துள் அழுத்தம் இயல்பாக 15 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தாண்டுவதில்லை. 22-க்கு மேல் நீடித்தால் மருத்துவர் அதைக் குறைக்க முனைவர்.

அமிலம் சேரும் விதம்

பிராணவாயு போதிய அளவு கிட்டும்போது, ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து உயிரணு ஏறத்தாழ 30 ஏ.டி.பி. மூலக்கூறுகளைப் பெறுகிறது. அது கிட்டாதபோது பெறுவன இரண்டே. எஞ்சுவது லாக்டிக் அமிலம். இச்சிறு ஆற்றல் சோடியத்தை வெளியேற்றப் போதாது. சோடியமும் அதைத் தொடர்ந்து நீரும் உயிரணுவினுள் தங்கவே, மூளை வீங்குகிறது. வீக்கம் அழுத்தத்தை உயர்த்துகிறது. அழுத்தம் இரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது. அதனால் அமிலம் மேலும் மிகுகிறது. இறுதியில் மூளையின் ஒரு பகுதி இடம்பெயர்ந்து, குறுகிய இடைவெளி வழியே பிதுங்குகிறது. கண் நரம்பு நசுங்கினால் அப்பக்கத்துக் கண்மணி விரிகிறது. மூளைத் தண்டு நசுங்கினால் மூச்சு நிற்கிறது.

எனினும் லாக்டிக் அமிலத்தையே பகையாகக் கருதலாகாது. அதன் உப்பாகிய லாக்டேட்டை நரம்பணுக்கள் எரிபொருளாகவும் கொள்ளக்கூடும் என 1994-ல் பெல்லரின், மாஜிஸ்திரெட்டி என்போர் கருத்துரைத்தனர். லாக்டேட்டுக்கும் பைருவேட்டுக்கும் உள்ள விகிதம் உயர்வதை, மூளை இடர்ப்படுவதன் அறிகுறியாக மருத்துவர் கொள்கின்றனர். அமிலம் எச்சரிக்கை மணி. பிராணவாயுக் குறைவே தீ.

களத்தில் கவனிக்க வேண்டியவை

இவ்விடத்தில்தான் களப்பணியாளரின் கடமை தொடங்குகிறது. அடிபட்டவர் முதலில் தெளிவாகப் பேசினாலும் ஏமாறுதல் கூடாது. தலைவலி மிகுதல், திரும்பத் திரும்ப வாந்தி, உறக்க மயக்கம், வலிப்பு, ஒரு கண்மணி பெரிதாதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல் ஆகியவை அபாயக் குறிகள். கழுத்தை அசையாமல் தாங்கி, மூச்சுப் பாதையைத் தடையின்றி வைத்து, 108 வண்டியை உடனே அழைத்தல் வேண்டும். வாய்வழியே நீரும் புகட்டலாகாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வாய்ப்பு

பெங்களூருவின் நிம்ஹான்ஸ், 1954-ல் தோன்றிய அகில இந்திய மனநலக் கழகமும் அரசு மனநல மருத்துவமனையும் 1974-ல் இணைந்து உருவான நிறுவனமாகும். தலைக் காயமுற்றோர் பலர் அங்கே சிகிச்சை பெறுகின்றனர். அங்குள்ள மூளை அருங்காட்சியகத்தில், நோயும் காயமும் மூளையை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை மாணவர் நேரில் காணலாம். அதைக் கண்ட மாணவனுக்குத் தலைக்கவசத்தின் தேவையைத் தனியே விளக்க வேண்டுவதில்லை.