டெலீட் செய்தும் டிஸ்க் காலியாகவில்லையா?

போஸ்ட்கிரெஸ் டேபிளில் பாதி வரிசைகளை டெலீட் செய்துவிட்டு, டிஸ்க்கில் இடம் வரவில்லையே என்று உடனே வேக்கம் ஃபுல் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். லைவ் சர்வரில் அதைத் தொடாதீர்கள். முடியும்வரை டேபிள் பூட்டியே கிடக்கும், செலக்ட்கூட ஓடாது. புதுப் பிரதி எழுத டிஸ்க்கில் தனி இடமும் கேட்கும்.

டெலீட் ஆன வரிசை அதே 8 கேபி பக்கத்தில்தான் கிடக்கிறது. சாதாரண வேக்கம் அந்த இடத்தைப் புது வரிசைகளுக்கு விடுவிக்கும். ஃபைல் சுருங்குவது பெரும்பாலும் கடைசிப் பக்கங்கள் காலியானால்தான். ஆகவே ஃபைல் சுருங்காததற்குப் பதற வேண்டாம், வளர்ந்துகொண்டே போனால்தான் கவலை.

அப்படி வளர்ந்தால் முதலில் வேக்கம் வெர்போஸ் ஓட்டுங்கள். செத்த வரிசைகள் இருந்தும் இன்னும் நீக்க முடியாது என்று அது சொன்னால், திரும்பத் திரும்ப ஓட்டிப் பயனில்லை. யாரோ பழைய ஸ்னாப்ஷாட்டைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அந்த டேபிளையே தொடாத டிரான்சாக்‌ஷனாகவும் இருக்கலாம். பலர் தவறவிடுவது இதைத்தான். கமிட் செய்யாமல் சும்மா நிற்கும் கனெக்‌ஷன், நாள் முழுக்க ஓடும் ரிப்போர்ட் இரண்டையும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி காட்டும். பேக்கெண்ட்_எக்ஸ்மின் எதில் மிகப் பழையதோ அதைப் பிடியுங்கள். அங்கே கிடைக்காவிட்டால் கைவிடப்பட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட், முடிக்காமல் விட்ட பிரிப்பேர்டு டிரான்சாக்‌ஷன், ஃபீட்பேக் அனுப்பும் ஸ்டாண்ட்பை என்று வரிசையாகப் பாருங்கள். உரியவரைக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள், பிறகு வேக்கம். டிரான்சாக்‌ஷனைத் திறந்துவிட்டுச் சும்மா இருக்கும் கனெக்‌ஷனுக்கு ஐந்து நிமிட டைம்அவுட் என் கட்டாய விதி.

ஆட்டோவேக்கத்தை ஆஃப் செய்யவே கூடாது, அடிக்கடி ஓட விடுங்கள். ஸ்கேல் ஃபாக்டர் டீஃபால்ட்டாக 0.2 என்பதால், 1 கோடி வரிசை டேபிளில் சுமார் 20 லட்சம் செத்த பிறகுதான் அது எழும். பெரிய டேபிளுக்கு மட்டும் ஆல்டர் டேபிளில் 0.01 வையுங்கள்.

ஃபைலைச் சுருக்கியே ஆகவேண்டும் என்றால் பிஜி_ரீபேக் எக்ஸ்டென்ஷன். ப்ரைமரி கீயோ, நல் இல்லாத யுனிக் இண்டெக்ஸோ அவசியம். பிரதிக்கு இடமும் வேண்டும், பூட்டுவது சிறிது நேரமே. உப்பியது இண்டெக்ஸ் மட்டும் என்றால் 12ஆம் பதிப்பு முதல் ரீஇண்டெக்ஸ் கன்கரன்ட்லி போதும். அது பாதியில் நின்றால் சிசிநியூ என்று முடியும் பெயரில் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று தங்கியிருக்கும். அதை டிராப் செய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.