ஆயாவோட கைரேகை எங்கே இருக்கு?

போன மாசம் ரேஷன் கடையில ஆயா விரல் வச்சாங்க. "சர்வர் வரல, நாளைக்கு வாங்க"ன்னு சொல்லிட்டாங்க. ஆயாவோட ரேகை அந்தக் கருவிக்குள்ளேயே இருக்குன்னு நினைச்சிருந்தேன். இல்லை!

கருவி கேள்வி மட்டும்தான் அனுப்பும். ஆதார் கைரேகைகள் தனியாக, பெங்களூரிலும் அரியானா மாநிலம் மானேசரிலும் உள்ள கணினி மையங்களில் இருக்கின்றன. அங்கே ஒத்துப்பார்த்து 'ஆம்', 'இல்லை' என்று பதில் வரும். சேமித்த ரேகை வெளியே வராது. அதனால் கருவி திருடு போனாலும் அது பத்திரம். ஆனா நடுவுல இணைப்பு அறுந்தா கருவிக்கு ஆயா யாருன்னே தெரியாது. (நம்ம குகைக்கோயிலில் மகேந்திரவர்மன் கல்வெட்டு அங்கேயே இருக்கு, சிக்னலே வேணாம்!)

இதை ஆயாவுக்கு விளக்கினேன். "அப்ப அரிசி வாங்க பெங்களூருக்கா போவணும்?"னு கேட்டாங்க.